பம்ப் தொடாத குப்பி

ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அம்மா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக, கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு பால் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் பர்கூரில் வீட்டோடு இருந்தேன். அவள் போன பிறகு அந்த வீட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு, அம்மாவுக்கு முதல் மாத்திரை கொடுக்கும் நேரத்துக்கு, உடம்பு தானாக விழித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி படுத்துக்கொள்வேன். ஒரு நாள் அண்ணி, "எதுக்கு எழுந்து எழுந்து படுக்கற? நல்லாத் தூங்கலாமில்ல?" என்று கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். அன்றைக்கே வேலை தேட ஆரம்பித்தேன்.

பழைய ஆலையில் கூட இருந்த ஒருவர் சொல்லித்தான் ஓசூர் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். சவ்வு வடிகட்டியில் கைப்பழக்கம் உள்ள ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பால் ஆலையில், பனீர் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரிலிருந்து புரதத்தைப் பிரிக்கும் இயந்திரத்தை மூன்று வருடம் நான்தான் ஓட்டினேன். நேர்முகத்தில் மேலாளர், "ஆறு வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். பெங்களூர்க்காரர். தினமும் காரில் எல்லை தாண்டி வருபவர். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றேன். "இப்போ?" என்றார். "இப்போ இல்லைங்க" என்றேன். எது இப்போது இல்லை, நோயா அம்மாவா என்று அவர் கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

ஜூஜுவாடியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன். கீழே வீட்டுக்காரம்மா. தெலுங்கு பேசுகிறவர், என்னிடம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை. அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரிகள் எல்லையை நெருங்க நெருங்க ஊர்ந்துதான் போகும். அறையின் ஒரு மூலையில் நின்றால் கைப்பேசி தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். கட்டிலில் படுத்தால் கர்நாடகத்துக்கு வரவேற்று ஒரு குறுஞ்செய்தி வரும். முதல் மாதத்தில் எனக்கு அதிகம் வந்த செய்தி அதுதான்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்.என்.ஏ. என்பது உடம்பின் செல்லுக்கு, இன்ன புரதத்தைச் செய் என்று சொல்லும் ஒரு நீண்ட இழை. கொரோனாக் காலத்தில் சில தடுப்பூசிகளில் இருந்தது அதுதான். அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனால் மிகமிகச் சிறிய கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து அனுப்ப வேண்டும். எங்கள் கம்பெனி அந்த உருண்டைகளைச் செய்து கொடுக்கும் இடம். பெரிய மருந்துகளின் பெரிய ஆலை இல்லை. யாரோ எங்கோ ஓர் ஆராய்ச்சிக்குக் கேட்பார்கள். ஒரு சொம்பு அளவு செய்து, உறைய வைத்து, பெட்டியில் அனுப்புவோம்.

கொழுப்பை எத்தனாலில் கரைத்து ஒரு குழாயிலும், ஆர்.என்.ஏ.யைப் புளிப்பு ஏற்றிய நீரில் கலந்து இன்னொரு குழாயிலும் விடுவார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உருண்டைகள் தாமாகப் பிறந்துவிடும். வெளியே வரும்போது நீலம் ஓடிய பால் போல இருக்கும். அதில் எத்தனாலும் புளிப்பும் இன்னும் இருக்கும். அவற்றை வெளியேற்றி, பஃபர் என்று சொல்லும் உடம்புக்கு ஒத்த நீரை உள்ளே விடுவது என் வேலை. டீ வடிகட்டுவது போல நேராக ஊற்றி வடிக்க முடியாது; உருண்டைகள் சவ்வில் அப்பிக்கொள்ளும். சவ்வின் மேல் பரப்பை ஒட்டியபடி திரவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் நீரும் எத்தனாலும் மட்டும் சவ்வின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியேறும். கசிந்த அளவுக்குப் புது நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு முறை, கிருமி நீக்கும் சிறு வடிகட்டி வழியாக நேராகச் செலுத்தி எடுப்போம்.

இதையெல்லாம் செய்யும் அறைக்குள் போக, தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை, முகக்கவசம், கண்ணாடி, இரண்டு அடுக்குக் கையுறை. உள்ளே கைப்பேசி கிடையாது. கலக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர் காலையில் வேலை முடித்துப் போய்விடுவார். அதன் பிறகு நானும் பம்பும் காற்று இறங்கும் ஓசையும். சில நாட்கள் காலை எட்டு மணிக்குப் பேசிய பிறகு மாலை நான்கு வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். உடை கழற்றும் அறையில் கண்ணாடி முன் நின்று, தொண்டை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இருமிப் பார்த்ததுண்டு.

சாப்பாட்டு அறையில் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள். தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள், கன்னடத்துக்குத் தாவுவார்கள், தெலுங்கில் சிரிப்பார்கள். "வாங்கக்கா, உக்காருங்க" என்பார்கள். உட்கார்ந்ததும் பேச்சு கொஞ்சம் குறையும். ஒருத்தி, "அக்கா, வீட்ல அண்ணன் என்ன பண்றாரு?" என்று கேட்டாள். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்கே தெரியாது.

எனக்கு மேலே இருந்தவள் எங்கள் பிரிவின் இன்சார்ஜ். முப்பது வயது இருக்கும். திருநெல்வேலிக்காரி. வேகமான நடை, வேகமான பேச்சு. சாப்பிடும்போது மூலை மேசையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒரு நாளும் எங்களோடு உட்கார்ந்ததில்லை. திமிர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சேர்ந்த நான்காவது மாதம் சிக்கல் ஆரம்பித்தது. ஒரு புதிய ஆர்டர், வழக்கத்தைவிட அளவு பெரியது. எல்லாம் முடிந்து கடைசிச் சிறு வடிகட்டியில் செலுத்தும்போது, பாதியிலேயே திரவம் நின்றுவிட்டது. அழுத்தம் ஏறுகிறது, சொட்டு விழவில்லை. வடிகட்டியை மாற்றினோம்; அதுவும் அடைத்துக்கொண்டது. ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்திருந்தன. பேட்ச் முழுவதும் வீண். அடுத்த வாரம் மறுபடி செய்தோம். மறுபடி அதே.

இரண்டு முறையும் பம்பின் வேகத்தைக் கூட்டச் சொன்னது இன்சார்ஜ்தான். "லேப் அஞ்சு மணிக்கு மூடிருவாங்கக்கா. அதுக்குள்ள சாம்பிள் போயாவணும்லா, கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்றாள்.

"இவ்ளோ பிரஷர் தாங்காதுங்க மேடம். நசுங்கிடும்" என்றேன்.

"நசுங்காது. நான் சொல்லுதேம்லா, ஏத்துங்க."

ஏற்றினேன். பேட்ச் போனதும் மேலாளர் கூட்டம் போட்டார். வடிகட்டியைப் பொருத்தியது யார் என்று முதல் கேள்வி. நான். அன்று ஓட்டியது யார். நான். இன்சார்ஜ் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக யாரிடமும் எதிர்த்துப் பேசாத குரல் ஒன்று வெளியே வந்தது.

"சார், நான்தான் ஓட்டினன். ஆனா வேகத்த ஏத்தச் சொன்னது நான் இல்லைங்க. அது ரொம்ப மென்மையான பொருளு. உருட்டி மெரட்டினா ஒட்டிக்கும். மெதுவா ஓட்ட விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

மேலாளர் இன்சார்ஜைப் பார்த்தார். "சரி, அப்போ நீங்களே மெதுவா ஓட்டிக் காட்டுங்க. சின்ன அளவில ஒரு டிரையல்" என்றார்.

வெளியே வந்ததும் இன்சார்ஜ் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "டிரையல் என்னிக்குக்கா வச்சிக்கிடலாம்? வியாழக்கிழமை?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்ட ஆள் எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது போல இருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ஆரம்பித்தேன். பம்பின் வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. குழாயில் திரவம் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகப் போனது. இன்சார்ஜ் தொடக்கத்திலேயே கொஞ்சம் திரவத்தை ஒரு சிறு குப்பியில் எடுத்து, நேரம் எழுதி ஒட்டி, மேசை மேல் இருந்த தாங்கியில் வைத்தாள். பிறகு மணிக்கொரு முறை வந்து இன்னொரு குப்பி எடுத்துப் போனாள்.

அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் புரட்டுவது எப்படி, ஒரு கையை முதுகுக்குக் கீழே எப்படிக் கொடுப்பது, அவசரப்பட்டால் தோல் எப்படி உரியும் என்று ஆறு வருடம் கற்றவள் நான். மெதுவாகச் செய்வது எனக்குத் தெரியும், இந்த இளையவர்களுக்குத் தெரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி வாக்கில், திரவம் சுற்றித் திரும்பி வந்து விழும் கலத்தைப் பார்த்தேன். அந்த நீலம் இல்லை. சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரி தட்டையான வெள்ளை. விளக்கின் கோணமாக இருக்கும் என்று நகர்ந்து நின்று பார்த்தேன். எங்கிருந்து பார்த்தாலும் வெள்ளைதான். நாலரைக்குக் கடைசி வடிகட்டியில் செலுத்தினோம். முன்பைவிடச் சீக்கிரமே அடைத்துக்கொண்டது.

இன்சார்ஜ் என் பின்னால் நின்றிருந்தாள். நான் திரும்பவில்லை. கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டால் அந்த அறைக்குள் துடைக்க முடியாது. துடைக்காமலே பம்பைக் கழுவினேன், குழாய்களைக் கழற்றினேன், எல்லாவற்றையும் அதனதன் பெட்டியில் வைத்தேன். கம்பெனிப் பேருந்தில் ஏறாமல் ஜூஜுவாடி வரை நடந்தேன். நெடுஞ்சாலை ஓரம், முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டிகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. அம்மாவை நான் பார்த்துக்கொண்டதுகூடச் சரிதானா என்று அன்று சந்தேகம் வந்தது. மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு இன்னும் சீக்கிரம் கொண்டுபோயிருக்க வேண்டிய நாட்களைக் கடத்திவிட்டேனோ. இதை யாரிடம் கேட்பது? அண்ணனிடம் கேட்டால், "அதெல்லாம் ஏன் இப்போ" என்பான்.

மறுநாள் விடுப்பு போடலாம் என்று இருந்தேன். காலை ஏழு மணிக்கு இன்சார்ஜிடமிருந்து போன் வந்தது. அவள் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, எங்க இருக்கிய? சீக்கிரம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். அவள் ஆய்வக வாசலில் அளவுத் தாள்களோடு நின்றிருந்தாள். நேற்று மணிக்கொன்றாக எடுத்த குப்பிகளை எல்லாம் காலையிலேயே வந்து அளக்கச் சொல்லியிருக்கிறாள். நேரம் போகப்போக உருண்டை பெருத்துக்கொண்டே போயிருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். அவள் இன்னொரு தாளை நீட்டினாள்.

"இது மொத மொத எடுத்து டேபிள்ல வச்சேம்லா, அந்தக் குப்பி. பம்புக்கே போகாதது. சும்மா இருந்தது. சாயங்காலம் உங்க சாம்பிள்கூட சேத்துக் குளிர்பெட்டியில வச்சேன். இதுவும் பெருத்துட்டுக்கா."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பம்ப் தொடாத, சவ்வு தொடாத, யாரும் உருட்டாத குப்பி. அதுவும் நான் ஓட்டியதில் முக்கால்வாசிக்குப் பெருத்திருந்தது.

"அப்போ பம்ப் இல்லைங்களா மேடம்?"

"பம்பும்தான். நான் வேகமா விட்டதுலயும் ஒட்டிக்கிட்டு, நீங்க மெதுவா விட்டதுலயும் ஒட்டிக்கிட்டு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டுலயும் எது பொதுவா இருக்கு?"

சுவரில் சாய்ந்து நின்று யோசித்தேன். எத்தனால். உருண்டைகள் எத்தனாலோடு எவ்வளவு நேரம் கிடக்கின்றனவோ அவ்வளவு நேரமும் அவற்றின் மேல்தோல் இளகித்தான் இருக்கும். இளகிய தோலோடு ஒன்றையொன்று தொட்டால் ஒன்றாகிவிடும். முன்பு சிறிய அளவில் செய்தபோது கலப்பது சீக்கிரம் முடிந்துவிடும், எத்தனாலும் சீக்கிரம் வெளியேறிவிடும்; சிக்கல் தெரியவில்லை. பெரிய அளவில், கலந்து முடிப்பதற்குள்ளேயே முதலில் வந்த உருண்டைகள் நெடுநேரம் அதில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் அழுத்தத்தில் நசுக்கினாள். நான் மென்மை என்று நினைத்து, அவற்றை நாள் முழுவதும் எத்தனாலில் ஊறவைத்தேன்.

"எத்தனாலத்தான் மொதல்ல எறக்கணுங்க" என்றேன். "வெளிய வர்ற எடத்துலயே, வந்த உடனே, நெறைய பஃபர் தண்ணியில விழ வெச்சா? அப்பறம் அவசரம் இல்ல. ஆனா திரவம் அதிகமாயிடும். மெதுவா ஓட்டினா ரெண்டு நாள் ஆவும்."

"சவ்வைப் பெருசாக்கிட்டா?" என்றாள். "தட்டையா இருக்க சவ்வை விட்டுட்டு அந்தக் குழல் கட்டு ரெண்டு ஸ்டோர்ல கெடக்குல்லாக்கா. ரெண்டையும் சேத்து மாட்டுவோம். பரப்பு அதிகம், பிரஷர் வேண்டாம், நேரமும் ஆவாது."

குழல் கட்டு என்று அவள் சொன்னது, சேமியா போல மெல்லிய வெற்றுக் குழல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த ஒரு கட்டு. அதன் உள்ளே திரவம் தடையில்லாமல் ஓடும். தட்டைச் சவ்வில் இருக்கும் வலைகளில் மோதிச் சுழல வேண்டியதில்லை. யாரோ எப்போதோ வாங்கிப் போட்டது, பிரிக்காமல் இருந்தது.

நாங்கள் இருவரும் வாசலில் நின்றபடியே முக்கால் மணி நேரம் பேசினோம். ஓசூர் வந்த பிறகு நான் ஒருவரோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

மேலாளரிடம் அவளே போய்ப் பேசினாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. "முதல் ரெண்டு பேட்ச்சுல வேகத்தை ஏத்தச் சொன்னது நான்தான் சார். அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மறுபடி சோதனை. கலக்கும் இயந்திரத்தின் வாயிலேயே இன்னொரு குழாய் சேர்த்து, உருண்டைகள் பிறந்த கணத்தில் பஃபர் நீரில் விழும்படி செய்தோம். குழல் கட்டுகள் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பொருத்தினேன். பம்பைப் பாதி வேகத்தில் வைத்தேன். அவளும் உடை மாட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். முகக்கவசத்துக்குள் இருந்து அதிகம் பேச முடியாது. நான் முள்ளைக் காட்டுவேன், அவள் தலையசைப்பாள். அவள் கலத்தைக் காட்டுவாள், நான் குனிந்து பார்ப்பேன். நீலம் இருந்தது. பதினொன்றுக்கும் இருந்தது. ஒரு மணிக்கும் இருந்தது. கடைசியில் மிகுதி நீரை வெளியேற்றி அடர்த்தி கூட்டும்போது மட்டும் பம்பை இன்னும் குறைத்து ஓட்டினோம்.

இரண்டரைக்குக் கடைசிச் சிறு வடிகட்டி. குழாயின் முனையில் முதல் சொட்டு திரண்டது, விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அழுத்தம் ஏறவில்லை. கலம் காலியாகும் வரை விழுந்துகொண்டே இருந்தது. அவள் என் கையுறையின் மேல் தன் கையுறைக் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள். ஆய்வகத்திலிருந்து அளவு வந்தபோது, பிறந்தபோது இருந்த அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் போகும்போது மூன்றரை. சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. அவள் மூலை மேசைக்குப் போனாள். நான் வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன். "இங்க வாங்கக்கா" என்றாள். பாட்டிலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, காதில் ஒயர் இல்லாமல் அழைத்தாள். திரையில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். வாய் முழுக்கச் சோறு.

"எம் பொண்ணு. பாளையங்கோட்டையில அம்மாட்ட இருக்கா. மத்தியானம் நான் எதுக்க உக்காந்தாத்தான் சாப்புடுவா" என்றாள். "இன்னிக்கு நேரமாயிட்டுல்லா, பட்டினியாவே உக்காந்திருக்கா."

குழந்தை என்னைப் பார்த்து, "அது யாரு?" என்றது.

"பெரியம்மா" என்றாள் அவள்.

அவளுடைய வீட்டுக்காரர் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வருவார். ஓசூரில் ஒண்டியாகக் குழந்தையை வைத்துப் பார்க்க முடியாமல் ஊரில் விட்டிருக்கிறாள். ஒன்றரை வருடமாக அந்த மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் செய்துகொண்டிருந்தது இதுதான். "சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன். "சொன்னா எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. அப்புறம் வேலை வாங்க முடியாதுக்கா" என்றாள்.

மாலை ஜூஜுவாடியில் இறங்கிக் கால் கிலோ ஜிலேபி வாங்கினேன். யாருக்கு வாங்குகிறேன் என்று யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன்.

"ஏமம்மா, ஏமி விசேஷம்? பொண்ணு பாக்க வந்தாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. வேலையில ஒரு ஃபில்டர் சரியா வராம இருந்துச்சு. இன்னிக்கு சரியாயிடுச்சு."

"ஃபில்டரா? நீ ஃபில்டர் வேலையா செய்யற? முந்தியே செப்பக் கூடாதா!" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவர்கள் வீட்டுக் குடிநீர் வடிகட்டி ஒரு வாரமாகச் சொட்டுச் சொட்டாக வருகிறதாம். திறந்து பார்த்தேன். மெழுகுவர்த்தி போன்ற அந்த வெள்ளைக் கல் பாசி பிடித்துக் கிடந்தது. பழைய பிரஷ் ஒன்றைக் கேட்டு வாங்கித் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் நன்றாக விழுந்தது. அவருக்கு மிகவும் சந்தோஷம். இரண்டு போளி கொடுத்தார். மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்து போளியைத் தின்றேன். சிரிப்பு வந்தது. சிரித்த சத்தம் அறையில் கேட்டதும் நின்றுவிட்டது.

அடுத்த மூன்று மாதம் நன்றாக இருந்தது. பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்தோம். புது முறையைச் செய்முறைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். என் பெயரையும் போட வேண்டும் என்று அவள் மேலாளரிடம் வாதாடினாள். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். மதியத்தில் மூலை மேசையில் நானும் உட்கார்ந்தேன். குழந்தை, "பெரியம்மா, நீ என்ன கொழம்பு?" என்று கேட்கும். பதில் சொல்வதற்காகவே விதவிதமாகக் குழம்பு வைத்தேன். முன்பு ஒரு ரசத்தை மூன்று நாள் ஓட்டியவள் நான்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடும்போது, "ஊர்லயே ஒரு காலேஜ்ல வேலை கெடச்சிருக்குக்கா. லேப்ல. மாசக் கடைசியில போறேன்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நல்லதுதான மேடம். பாப்பாகூட இருக்கலாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

கடைசி நாள் அவளைத் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற்றிவிட ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் போனேன். இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். அதுவரை நான் அவளை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "இனிமேலாவது பேரச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா" என்றாள். சொல்லிப் பார்த்தேன். வாய்க்குப் பழகாமல் ஒரு மாதிரி இருந்தது. அவள் சிரித்தாள்.

முதல் மாதம் தினமும் மதியம், வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறு கொடுக்கும்போது அழைப்பாள். பிறகு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். மதியத்தில் எதிரே யாரும் உட்கார வேண்டியதில்லை. அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது. அப்புறம் பண்டிகைக்கு ஒன்று. புது இன்சார்ஜ் வந்தார், ஆந்திரப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். மூலை மேசையில் இப்போது பேக்கிங் பிரிவுப் பெண்கள் உட்கார்கிறார்கள். நான் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்கிறேன். முன்பு போல அவர்கள் பேச்சு நிற்பதில்லை. நான் இருப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. அது நல்லதா என்று சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளிடமிருந்து போன். கல்லூரியில் பழைய வடிகட்டி ஒன்றைப் பழுதுபார்த்து மாணவர்களுக்குக் காட்டப் போகிறாளாம். குழல் கட்டை முதலில் எதில் நனைப்பது, எத்தனை மடங்கு நீர் மாற்றினால் போதும், பம்பின் ரப்பர் குழாயை எப்போது மாற்றுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் டவர் பிடிக்கும் மூலையில் நின்றுகொண்டே பேசினேன். இருபது நிமிடம் இருக்கும். பின்னால் குழந்தையின் குரல், குக்கர் விசில், யாரோ கதவைத் தட்டும் சத்தம். "சரிக்கா, வந்துட்டாங்க, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

எப்படி இருக்கீங்க என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். யாரோ வந்திருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. மறுநாள் பேட்ச் இருந்தது. காலையில் உடுத்த வேண்டிய துணியை மடித்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் அரிசியைக் களைந்து ஊறப்போட்டேன்.